காற்று பார்க்கப் போன கதை

பெரும்பாக்கத்தில் ஒரு காலி வீடு. சுவரில் சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. தரகர் செல்வம் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, "தண்ணி பாருக்கா, சும்மா பால் மாரி வருது" என்று என்னிடம் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தார். பால் மாதிரி வரும் தண்ணீரை எப்படிக் குடிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் நடராஜன் தண்ணீர்ப் பக்கமே வரவில்லை. பால்கனியில் நின்று, கைப்பிடிச் சுவருக்கு மேல் பாதி உடம்பை வெளியே நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு மூக்கால் இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை கிழக்கே, ஒரு தடவை வடக்கே. நடுவில் ஆள்காட்டி விரலை வாயில் வைத்து ஈரமாக்கி உயரே தூக்கிப் பிடித்தார்.

செல்வம் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "இன்னா சார், கீய வுழுந்துடப் போற!"

"கொஞ்சம் பேசாம இருங்க. காத்து எந்தப் பக்கம்னு பார்க்கிறேன்."

"சார், நீ வூடு பாக்க வந்தியா, காத்து பாக்க வந்தியா?"

"காத்து பார்க்கத்தான்" என்றார் இவர், கண்ணைத் திறக்காமலே.

செல்வம் என்னைப் பார்த்தார். நான் குழாயை மூடினேன். அதற்கு மேல் அந்த இடத்தில் என்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

வீட்டுப்பாடம்

தொலைபேசி நிலையத்தில் நான் வேலை பார்த்த கதையைச் சென்ற வாரம் இந்தப் பகுதியில் படித்துவிட்டு, "உங்கள் கணவரைப் பற்றி ஒன்றுமே எழுதுவதில்லையே" என்று ஒரு வாசகி குறைப்பட்டிருந்தார். அவருக்காகவே இந்த வாரம்.

எனக்கு வீசிங். அப்போது நாங்கள் குரோம்பேட்டையில் பெரிய சாலையை ஒட்டி ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். கீழே பேருந்து நிறுத்தம். ஒவ்வொரு பேருந்தும் எங்கள் வீட்டுக்குள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் புறப்படும். துணி உலர்த்தினால் சாயங்காலம் மறுபடி துவைக்க வேண்டும். நெஞ்சுக்குள் ஹார்மோனியம் வாசித்துக்கொண்டே சில வருஷம் ஓட்டினேன். கடைசியில் டாக்டரம்மா சொன்னார்: "மருந்து நான் தரேன். காத்தை நீங்கதான் மாத்திக்கணும்."

எனக்கு அது வெறும் ஆலோசனை. இவருக்கு அது வீட்டுப்பாடம்.

இவர் புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கடற்காற்று, நிலக்காற்று என்று பேச்சு வந்துவிட்டால் அப்புறம் சோறு தண்ணீர் வேண்டாம். பள்ளியில் ஒருமுறை கடற்காற்று வருவதை நேரில் காட்டுகிறேன் என்று வகுப்பையே சாயங்காலம் மைதானத்தில் நிறுத்தி வைத்தாராம். அன்றைக்குப் பார்த்துக் காற்று வரவில்லை. பெற்றோர்கள் வந்துவிட்டார்கள்.

பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள் இந்தச் செய்தியைக் கேட்டு, காற்றில் தூசி எவ்வளவு என்று காட்டும் ஒரு சிறிய பெட்டியை அனுப்பி வைத்தாள். காற்று சுத்தமாக இருந்தால் பச்சை விளக்கு, சுமார் என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு. பெட்டி வந்த அன்றைக்கு நான் மோர்மிளகாய் வறுத்தேன். பெட்டி குப்பென்று சிவந்தது. இவர் பதறிப்போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினார். வீசிங்காரி நான் அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தேன். அது அவருக்கு மாடியில் போய்த்தான் நினைவு வந்தது.

பிறகு அந்தப் பெட்டியைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு, செல்வத்தின் ஆட்டோவில் தென்சென்னைப் புறநகர் முழுக்கக் காற்று பார்க்கக் கிளம்பினோம்.

ஒரு பருவம் போதாது

இவர் ஒரு சட்டம் போட்டார். எந்த வீட்டையும் ஒரு தடவை பார்த்து முடிவு செய்யக் கூடாது. காற்று மாறினதும் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். இதைக் கேட்ட செல்வம் ஆட்டோவை ஓரமாக நிறுத்தினார்.

"சார், பொண்ணு பாக்கறவங்ககூட ஒருவாட்டிதான் பாப்பாங்கோ."

"பொண்ணு மாறாது. காத்து மாறும்" என்றார் இவர்.

"கண்ணாலத்துக்கு அப்புறம் எல்லாம் மாறும் சார்" என்றார் செல்வம். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

பெரும்பாக்கத்து வீட்டைப் பார்த்தது ஆனி மாதம். மேல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. பெட்டி பச்சை. இவர் முகமும் பச்சை. மறுபடி ஐப்பசியில் போனோம். காற்று வடகிழக்குக்குத் திரும்பியிருந்தது. சதுப்பு நிலத்துக்கு அந்தப் பக்கத்துக் குப்பைமேட்டைத் தடவிக்கொண்டு, சதுப்பைத் தாண்டி வந்த காற்று நேராகக் கூடத்துக்குள் நுழைந்தது. பெட்டி தூசியை மட்டும்தான் பார்க்குமாம்; நாற்றம் அதன் இலாகா இல்லை. ஆகவே அது பச்சையாகவே எரிந்துகொண்டிருக்க, நாங்கள் மூன்று பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இது இயற்கை வாசனைக்கா" என்றார் செல்வம், கைக்குட்டைக்குள்ளிருந்து.

பல்லாவரத்தில் மலையடிவாரத்தில் ஒரு வீடு. ஆடியில் பார்த்தோம். மலைப் பக்கமிருந்து காற்று. எங்கேயோ கல் உடைக்கிறார்கள். துளசி இலையில் விரலால் பெயர் எழுதலாம். "தூசியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க, ஆடிக் காத்து அப்படித்தான்" என்று வீட்டுக்காரர் சொல்லி முடிக்குமுன் இருமினார். அதே வீட்டை மழைக்காலத்தில் பார்த்தபோது மலை கழுவிவிட்டது போல நின்றது. காற்று அப்படி இனித்தது. வருஷம் பூரா மழை பெய்யும் என்று யாராவது எழுதிக்கொடுத்திருந்தால் அங்கேயே போயிருப்போம்.

பீர்க்கன்கரணை வீடுதான் என் மனசைப் பறித்தது. எதிரே ஏரி. நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நெடுஞ்சாலை பக்கத்தில்தான், ஆனாலும் சாயங்காலக் காற்றில் பெட்டி பச்சை. "இதுதான்" என்றேன்.

"தீபாவளிக்கு முந்தின நாள் வந்து பார்ப்போம்" என்றார் இவர்.

போனோம். அன்றைக்குச் சென்னையில் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிப் பக்கத்துப் பெருங்களத்தூரில் வந்து நின்றிருந்தார்கள். பேருந்துகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. ஒன்றும் நகரவில்லை, ஒருவரும் இன்ஜினை அணைக்கவில்லை. மழைக்கு முந்தைய புழுக்கம், இலை அசையவில்லை. புகை மேலே போக இடமில்லாமல் தெருத்தெருவாக இறங்கி நடந்துகொண்டிருந்தது. பெட்டி இரத்தச் சிவப்பு. நாங்கள் மாடியில் நின்றதைப் பார்த்து, பேருந்திலிருந்து இறங்கி வந்த ஓர் அம்மாள் கீழேயிருந்து கத்தினார்: "அக்கா, உங்க வூட்ல கொஞ்சம் பாத்ரூம் போய்க்கலாமா?"

எங்கள் வீடே இல்லை அது. ஆனாலும் சாவி எங்களிடம் இருந்தது. திறந்துவிட்டோம். அப்புறம் ஒரு வரிசையே வந்துவிட்டது. செல்வம் வாசலில் நின்று, "லேடீஸ் மட்டும், லேடீஸ் மட்டும்" என்று ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

கார்த்திகையில் ஒரு சொர்க்கம்

செம்பாக்கத்து வீட்டைப் பார்த்தது கார்த்திகையில், மழை விட்ட ஒரு மதியம். ஏரி நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது. பெரிய சாலை தூரத்தில். கடற்காற்று இங்கே வந்து சேரச் சாயங்காலம் ஆகும், ஆனாலும் ஏரிமேல் தவழ்ந்து குளித்துவிட்டுத்தான் வரும் என்று இவர் விளக்கினார். பெட்டி பச்சையோ பச்சை. நான் ஆழமாக மூச்சை இழுத்தேன். நெஞ்சுக்குள் ஹார்மோனியம் வாசிக்கவில்லை.

"இதுக்கு மேல காத்து வோணும்னா கொடைக்கானல்லதான் வாங்கணும்" என்றார் செல்வம். "வேற பார்ட்டி வேற வந்துகினு கீறாங்கோ."

"மார்கழி பார்க்கலையே" என்று இவர் இழுத்தார்.

செல்வம் கையெடுத்துக் கும்பிட்டார். "சார், உன்னோட சேந்து எனக்கே காத்து திசை தெரிஞ்சு போச்சு. பேஜாரா கீது. முடிச்சுவுடு சார்."

அன்றே முன்பணம் கொடுத்து முடித்துவிட்டோம். தை பிறந்து பத்திரப் பதிவு, மாசியில் குடிபோனோம்.

அந்த வருஷம் முழுக்க நான் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை. கத்திரி வெயிலில் கடற்காற்று தாமதமாக வந்த நாட்களில் மட்டும் கொஞ்சம் இழுத்தது. பெட்டியை அலமாரியில் பொம்மைகளுக்கு நடுவே வைத்துவிட்டோம். எதிர் வீட்டு ரோஸ்லின் நல்ல சிநேகிதியானாள். அந்த ஊர்க்காரி, அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். தெருச் சங்கச் செயலாளர் வரதராஜன் சார் மூன்றாவது வீடு. உரக்கப் பேசுவார், எல்லா வீட்டுக் கல்யாணத்துக்கும் முதல் ஆளாக நிற்பார்.

அப்புறம் மார்கழி வந்தது.

அண்டாவுக்கு மூடி

கோலம் போடக் குனிந்தபோதுதான் பார்த்தேன். ஏரிமேல் வெள்ளையாகப் பாய் விரித்தது போல ஏதோ கிடந்தது. பனி என்று நினைத்து ரசித்தேன். மூச்சை இழுத்தால் பிளாஸ்டிக் வாசனை.

இவர் பெட்டியைத் தூசி தட்டி எடுத்து வந்தார். சிவப்பு. முகத்தில் கவலை பாதி, பாடம் நடத்தும் உற்சாகம் பாதி.

"குளிர்ந்த காத்து கனமானது. சுத்திலும் மேடு, நடுவுல ஏரிப் பள்ளம். அந்தக் காத்து பள்ளத்துல வந்து தங்கிடும். அதுக்கு மேல சூடான காத்து மூடி போட்ட மாதிரி நிக்கும். அண்டாவுக்கு மூடி போட்டா ஆவி எங்கே போகும்? வெயில் ஏறினாதான் மூடி திறக்கும்."

"அண்டாவுக்குள்ள இருக்கிறது நாமளா?" என்றேன்.

"நாமதான்."

அண்டாவுக்கு அடியில் எரிவது என்ன என்றும் அன்றே தெரிந்தது. ரோஸ்லின் வீட்டு வெந்நீர் பாய்லரில் தேங்காய் மட்டை. வரதராஜன் சார் வீட்டு வாசலில் வாதாம் இலைக் குவியல். ஏரிக்கரையில் குப்பை. மற்ற பருவத்திலும் இதெல்லாம் எரிந்ததுதான். காற்று பெருக்கிக்கொண்டு போய்விட்டது, எங்களுக்குத் தெரியவில்லை.

நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, பொழுதுக்கும் டாக்டரம்மா கொடுத்த பஃப் மருந்தை இழுத்துக்கொண்டு மாதத்தை ஓட்டினேன். வந்து ஒரு வருஷம்கூட ஆகாத தெருவில் யாரிடம் போய் என்ன சொல்வது?

போகி

போகி விடிந்தபோது எதிர் வீடு தெரியவில்லை. பனியும் புகையும் கலந்து சாம்பல் நிறத்தில் தெருவே மறைந்திருந்தது. எங்கேயோ மேளச் சத்தம். எனக்கு மூச்சு உள்ளே போகிறது, வெளியே வர மறுக்கிறது. பஃப் இழுத்தேன், பயனில்லை. பேச்சு வரவில்லை. கையால் இவரைத் தட்டினேன்.

இவர் என் உதட்டைப் பார்த்தார். ஒரு வார்த்தை பாடம் நடத்தவில்லை. வாசலுக்கு ஓடி, "ரோஸ்லின்! ரோஸ்லின்!" என்று இவர் கத்திய குரலை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

ரோஸ்லின் காரை எடுத்தாள். முன் விளக்கு போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. இவர் இறங்கி, கைபேசி வெளிச்சத்தை ஆட்டிக்கொண்டு காருக்கு முன்னால் நடந்தார். லுங்கி, பனியன், என்னுடைய மப்ளர். பின்னால் நான் ஜன்னலில் சாய்ந்து, இந்தக் கோலத்தில் இந்த மனிதர் நம்மை எங்கே கூட்டிக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். சிரிக்க மூச்சு இல்லை.

மூன்றாவது வீட்டு வாசலில் தெருவை அடைத்துக்கொண்டு நெருப்பு. பாய், தலையணை, ஒரு சைக்கிள் டயர். வரதராஜன் சார் நெற்றி நிறையச் சந்தனத்தோடு கோலால் கிளறிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார்! போகியும் அதுவுமா குடும்பத்தோட எங்க கிளம்பிட்டீங்க?"

ரோஸ்லின் கண்ணாடியை இறக்கினாள். "சார், வழி விடுங்க. அக்காவுக்கு மூச்சு நிக்கப் போகுது."

அவர் குனிந்து என்னைப் பார்த்தார். சந்தனத்துக்குக் கீழே முகம் வெளுத்தது. உடனே உள்ளே ஓடி ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து நெருப்பின்மேல் கொட்டினார். அணையவில்லை, அதுவரை வந்த புகையைப்போல் இரண்டு மடங்கு எழும்பியது. மனிதர் பதறிப்போய்ச் செருப்புக் காலாலேயே நெருப்பை உதைத்து ஓரம் தள்ளினார். கார் போனது.

ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி மருந்துப் புகை கொடுத்தார்கள். மதியம் மூச்சு திரும்பியது. கண்ணைத் திறந்தபோது இவர் மப்ளரை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

"மார்கழி பார்த்திருக்கணும்" என்றார்.

பெயர் தெரிந்த நெருப்பு

பொங்கல் முடிந்ததும் இவர் செல்வத்தை வரவழைத்தார். வீட்டை விற்றுவிடலாமாம்.

"அக்கா, படப்பைப் பக்கம் ஒரு எடம் கீது. காத்துன்னா காத்து அப்படி ஒரு காத்து" என்று செல்வம் ஆரம்பித்தார்.

"வேண்டாம்" என்றேன். "எங்க போனாலும் ஏதாவது ஒரு மாசம் காத்து கெடும். இங்கேயாவது யார் நெருப்பு வைக்கிறாங்கன்னு பேர் தெரியும். பேர் தெரிஞ்சா போய்ப் பேசலாம்."

செல்வம் யோசித்தார். "அதுவும் கரீட்டுதான்" என்று ஆட்டோவைக் கிளப்பினார். இவ்வளவு சீக்கிரம் அவர் ஒத்துக்கொண்டது அதுவே முதல் தடவை. எங்களோடு இன்னொரு வருஷம் சுற்ற நேருமோ என்ற பயமாகவும் இருக்கலாம்.

வரதராஜன் சார் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார். ஆனால் சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்தபோது அவருக்குக் குரல் திரும்பிவிட்டது. "காலங்காலமா பண்றது சார். ஒரு நாள் புகைக்கு ஊரே மாறணுமா?"

இவர் எழுந்தார். வீட்டிலிருந்து அண்டா, ஐஸ், ஊதுவத்தி எல்லாம் கொண்டுவந்திருந்தார். அண்டாவுக்குள் அடியில் ஐஸ் கட்டியைப் பரப்பி, ஊதுவத்தியைப் புகைய விட்டு, புகை கீழேயே தங்குவதைக் காட்டப் போகிறேன் என்றார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். யாரோ மின்விசிறியைப் போட்டார்கள். புகை அழகாக எழும்பி எல்லோர் முகத்திலும் வீசியது. வரதராஜன் சார், "நல்ல மணம். எந்தக் கடை ஊதுவத்தி?" என்று கேட்டார்.

சிரிப்பு அடங்கும்வரை ரோஸ்லின் காத்திருந்தாள். பிறகு உட்கார்ந்தபடியே பேசினாள்.

"சார், பாடம் கெடக்கட்டும். அன்னிக்கு அக்கா உதடு நீலமா இருந்துச்சு. நீங்களும் பார்த்தீங்க. நான் தெனம் பாக்கறேன், அந்த மாசத்துல எங்க வார்டு எப்படி நெரம்புதுன்னு. நான் பாய்லரை எடுத்துடறேன். மத்தவங்க உங்க உங்க இஷ்டம்."

வரதராஜன் சார் அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "இலையைக் குழி வெட்டிப் போடறேன்" என்றார், ஏதோ சொத்தை எழுதிக்கொடுப்பவர் போல.

அக்கரை

அடுத்த போகிக்கு எங்கள் தெருவில் மேளம் மட்டும். பழைய பாய்கள் முந்தின நாளே குப்பை வண்டியில் போய்விட்டன. சம்பிரதாயத்துக்கு வரதராஜன் சார் ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றி, எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்து, உடனே அணைத்தார். எதிர் வீடு தெரிந்தது. பெட்டி மஞ்சள். நான் வாசலில் நின்று கோலம் போட்டேன்.

பாதிக் கோலத்தில் ஏரிமேல் சாம்பலாக ஏதோ அசைந்து வந்தது. அக்கரையில் நெருப்பு. புகை தண்ணீர்மேல் தவழ்ந்து நேராக எங்கள் தெருவுக்குள் நுழைந்தது.

"யார் இவனுங்க? கொஞ்சமாவது அறிவு வேணாம்?" என்று முதலில் கத்தியது வரதராஜன் சார்தான். வேட்டியை மடித்துக் கட்டி ரோஸ்லின் காரில் ஏறிவிட்டார். இவர் ஏறினார். நானும் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஏறினேன்.

"நீ எதுக்கு?" என்றார் இவர்.

"அண்டாவுக்குள்ள நான் தனியா உட்கார்ந்திருக்கணுமா?"

அக்கரையில் ஓட்டு வீடு ஒன்றின் முன்னால், முப்பது வயசு மதிக்கத்தக்க ஒருவன் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தான். வரதராஜன் சார் ஆரோக்கியம், காற்று, அண்டா என்று மூச்சு விடாமல் பேசினார். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"போன வருஷம் உங்க சைடு பொகை பூரா எங்க வூட்டுக்குள்ளதான் வந்துச்சு. நாங்க யாராவது வந்து கேட்டமா சார்?"

வரதராஜன் சாருக்குப் பேச்சு வராததை எங்கள் தெருவாசிகள் யாரும் அதுவரை பார்த்ததில்லை. அது அக்கரையில் நடந்துவிட்டது.

நான் வீட்டைப் பார்த்தேன். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் என் வயசு அம்மாள் ஒருவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். இன்னொரு கையில் நீல நிறப் பஃப். நான் பையிலிருந்து என்னுடையதை எடுத்துக் காட்டினேன்.

"உங்களுக்கும் வீசிங்கா?"

"மார்கழில மட்டும்மா. பனி ஒத்துக்காது எனக்கு."

"பனி இல்லீங்க" என்றேன்.

அந்த அம்மாள் ஏரியைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். அவனும் திரும்பி அம்மாவைப் பார்த்தான். பிறகு அவன் கோலை எறிந்துவிட்டு மண்வெட்டியைத் தேடிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனான். இவரும் வரதராஜன் சாரும் கூடவே போனார்கள்.

அம்மாள் கதவைத் திறந்து வெளியே வந்து, என் பக்கத்தில் நின்றுகொண்டார். மூன்று ஆண்களும் மண்ணை அள்ளிக் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னார்:

"எத்தினி வருசமா இருமிகினு கீறேன், ஒருநாள் கண்டுக்கல. யாரோ கார்ல வந்து சொன்னா எப்படி ஓடறான் பாரு."